மொரகஹகந்தையில் விரால் எங்கே நிற்கும்?



பள்ளிவாசல் முன்னாலும் ஸ்டாஃப் ரூமிலும் சந்திக் கடையடியிலும் கொஞ்ச நாளாக ஒரே கேள்வி: "சேர், அந்த விரால் எந்த இடத்துல பட்டது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறோம். பதிவு நீளம், ஆறுதலாக வாசியுங்கள். லீவு நாளில் பிள்ளைகளைக் குளத்துக்கு அனுப்புகிற வாப்பா உம்மாமார் கட்டாயம் வாசியுங்கள்.

நாங்கள் என்றால் மூன்று பேர். பயிற்சிக் கலாசாலையில் ஒரே அறையில் இருந்த இரண்டு வாத்திமார், த்ரீவீல் ஓட்டுகிற நாநா ஒருவர். தூண்டில் விஷயத்தில் நாநாதான் எங்களுக்கு அதிபர்.

முதலில் மீன். யூடியூபில் அமெரிக்காக்காரர்கள் பாஸ் பிடிக்கிற வீடியோ பார்க்காத பொடியன் இப்போது இல்லை. நம் குளங்களில் பாஸ் கிடையாது. ஆனால் அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒரு விஷயம் இங்கேயும் சரி. பெரிய மீன் வெட்டவெளித் தண்ணீரில் சும்மா சுற்றாது, எதையாவது ஒட்டித்தான் நிற்கும். மூழ்கிய மரம், இடிந்த சுவர், பாசி முடிகிற ஓரம் என்று ஒரு மறைவு பார்த்து நின்று, பக்கத்தால் போகிற சின்னத் திலாப்பியாவையோ தவளையையோ பாய்ந்து பிடிக்கும். விராலுக்கும் அதே குணம். கூடவே, விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். சல்வீனியாவும் பாசியும் மூடிய மூலையில் கால்மணி நேரம் பேசாமல் குந்தியிருந்தால் 'க்ளப்' என்று ஒரு சத்தம் கேட்கும், பாசி லேசாக அசையும். அங்கே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

அந்த இடத்துக்கு றப்பர் தவளைதான் சரி. முள் இரண்டும் முதுகோடு ஒட்டிப் படுத்திருப்பதால் பாசியில் மாட்டாது. மீன் கடித்து றப்பர் அமுங்கினால்தான் முனை வெளியே வரும். தண்ணீர் வெடித்த உடனே இழுக்கக் கூடாது. இரண்டு வரை எண்ணிவிட்டு இழுக்க வேண்டும். இதை வாசித்துப் பழக முடியாது, நாலைந்து மீனைத் தப்பவிட்டால்தான் கை படியும்.

இனி இடம். உக்குவளை மின்நிலையத்தில் இறங்குகிற மகாவலித் தண்ணீர் எல்லோருக்கும் தெரியும். 1976 இலிருந்து பொல்கொல்லையில் திருப்பி, எட்டுக் கிலோமீற்றர் சுரங்கம் வழியாக வந்து சுது கங்கையில் விழுகிறது. நம் வாசலால் போகிற அந்தத் தண்ணீர் அம்பன் கங்கையில் சேர்ந்து, போவத்தன்னையைத் தாண்டி மொரகஹகந்தைக்குப் போகிறது. 2007 இல் வேலை தொடங்கி, 2017 ஜனவரியில் கதவை மூடி நிரப்பிய குளம். அணை 65 மீற்றர் உயரம். பழைய அரசர் காலக் குளத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், இதன் அடியில் நேற்றுவரை ஆட்கள் இருந்த ஊர் கிடக்கிறது. அதனால்தான் மீன் ஒட்டி நிற்க இவ்வளவு பொருள்.

எங்களுக்கு அந்த அடித்தரையைக் காட்டித்தந்தவர் ஒரு சிங்களச் சீயா. முதல்முறை போனபோது நாங்கள் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னமே மாட்டை விட்டுவிட்டு வந்தார். "சேர்மார், தண்ணிக்குள்ள இறங்க வேணாம். அந்தப் பட்டமரத்துக்கு இந்தப் பக்கம் என்ட கிணறு இருக்கு. மூடல்ல." பிறகு கையை நீட்டி ஒவ்வொன்றாகச் சொன்னார். அங்கே புளியமரம், அதற்குக் கீழே நெல் காயப்போடுகிற சீமெந்துத் தளம், அந்தப் பக்கம் முள்ளுக்கம்பி வேலி, இன்னும் தள்ளி ஊர்ப் பாதையில் சின்னப் பாலம். தண்ணீரில் எங்களுக்குத் தெரிந்தது வெயில் மட்டும்தான். பையில் கிடந்த புள்ளிப் பட்டியலின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டோம்.

சீயா மீன் பிடிப்பதில்லை. போயாவுக்கு சில் எடுக்கிறவர். (போயா நாளில் நாங்களும் தூண்டிலோடு அந்தப் பக்கம் போவதில்லை.) அவர் இதைச் சொன்னது மீனுக்காக இல்லை, கால் வைக்கக் கூடாத இடம் என்று. ஆனால் ஆறேழு பயணத்தில் விரால் பட்ட இடங்களை அதே தாளில் குறித்துக்கொண்டு வந்தால், புளியமரத்தடியும் பாலமும் தளத்தின் விளிம்பும்தான். அவர் போகாதே என்றதும் மீன் நிற்கிறதும் ஒரே இடம். அதை அவரிடமே சொன்னோம். சிரித்தார். "அந்தப் புளிய வெட்டவே விட மாட்டா என்ட மனுசி" என்றார். பிறகு மீன் எத்தனை கிலோ என்று கேட்டார்.

போவத்தன்னைத் திட்டத்தின்போது நாலந்த கெடிகேயைக் கல் கல்லாகக் கழற்றி, 1975 இலிருந்து 1980 வரை வேலை செய்து, மேட்டில் திரும்பக் கட்டினார்கள். ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம், நல்ல வேலைதான். சீயாவுக்கு வேறு இடத்தில் காணி கிடைத்தது. மாட்டை மட்டும் இன்னும் இந்தக் கரைக்குத்தான் ஓட்டிக்கொண்டு வருகிறார்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறோம். மீன் கட்டையை ஒட்டி நிற்கிறது என்றால் தூண்டிலும் கட்டையில்தான் மாட்டும். தவளை ஒன்றின் விலை ஒரு பொடியனின் ஒரு மாதக் கைச்செலவு. மாட்டினவுடன் என்ன செய்வான்? உடுப்போடு இறங்குவான். பயம் அந்த இடத்தில்தான். நீச்சல் தெரிந்தாலும் முள்ளுக்கம்பிக்கும் கிணற்றுக்கும் அது தெரியாது. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் வயலுக்குத் தண்ணீர் விட விட மட்டம் ஏறி இறங்கும். போன மாதம் முழங்கால் அளவு நின்ற இடம் இந்த மாதம் கழுத்து அளவு. எங்களோடு வருகிறவருக்கு ஒரே நிபந்தனை: மாட்டினால் நூலை வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் நாநாவின் கழுத்தில் தொங்குகிறது. தவளைக் காசை மூன்று பேரும் பங்கு போட்டுக் கொடுப்போம், இதுவரை நாலு கொடுத்திருக்கிறோம்.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் மேலே மிதந்தால், கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. அந்த நேரம் எதைப் போட்டாலும் கடிக்கும். அதில் கெட்டித்தனம் ஒன்றுமில்லை, நாங்கள் போடுவதில்லை. பிடித்துவிட்டு வந்து படம் போடுகிறவர்களுக்கு லைக்கும் இல்லை. அடுத்தது, சிங்களத்தில் ஆரா என்கிற பெரிய விரால். உலகத்தில் நம் நாட்டில் மட்டும், அதுவும் மகாவலிப் பக்கத்து ஆறுகளில் இருக்கிற இனம். பட்டால் படம் எடுத்துவிட்டு விடுகிறோம். விடும்போது நாநாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அஸர் நேரத்துக்கே மூட்டை கட்டுகிறோம். அந்தப் பாதையில் இருட்டினால் யானை.

வருகிற சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு போகிறோம், இன்ஷா அல்லாஹ். த்ரீவீலில் ஒருவருக்கு இடம் இருக்கிறது. வருவதென்றால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சொல்லுங்கள். படத்தின் பிரதி வேண்டும் என்கிற பிள்ளைகளுக்குக் கிணற்றையும் வேலியையும் சிவப்பில் போட்டு அனுப்பித் தருவோம். வருகிறவர் சீயாவுக்கு வெற்றிலை வாங்கிக்கொண்டு வாருங்கள், போனமுறை நாங்கள் கொண்டுபோனது வாடிவிட்டது என்று குறை சொன்னார்.