டின்னுக்குள் இருந்த சீட்டு

அப்பா லோரி ஓட்டுநர். கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு ஏற்ற மணிக்கணக்காய் வரிசையில் நிற்கும்போது மாத நாவல் படிப்பார். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. எல்லாம் பழுப்புத் தாளில் அச்சான மெல்லிய புத்தகங்கள். வீட்டுக்கு வரும்போது அட்டையில் கிரீஸ் கறை இருக்கும்.

அவருக்கு ரொம்பப் பிடித்தது சொத்துக் கதை. பணக்காரப் பெரியவர் ஒருவர் இறந்துபோவார். மலை பங்களாவில் வாரிசுகள் கூடுவார்கள். உயிலில் ஒரு புதிர் இருக்கும். அடுத்த அத்தியாயத்தில் ஒரு பிணம் விழும். பத்துப் பக்கம் படித்ததுமே, "அந்த வக்கீல் மேல ஒரு கண்ணு வச்சுக்கோ" என்பார் என்னிடம். பாதி நேரம் அவர் கணிப்பு தப்பிவிடும். அதற்காக அவர் வருத்தப்பட்டதே இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். உயில் இல்லை. எந்த வங்கியில் கணக்கு, காப்புறுதி உண்டா, யாருக்காவது கடன் பாக்கியா என்று அம்மாவுக்கும் தெரியாது. கருமாதி முடிந்த மறுநாளே அண்ணன், அக்கா, நான் மூவரும் வீட்டைக் குடைய ஆரம்பித்தோம். மெத்தைக்கு அடியில் பார்த்தோம். சாமி மேடைக்குப் பின்னால் பார்த்தோம். மாத நாவல்களைக்கூட ஒவ்வொன்றாய் உதறிப் பார்த்தோம்.

வங்கிப் புத்தகம் கிடைத்தது. ஆனால் பாட்டியின் பதக்கச் சங்கிலியைக் காணோம். அப்பாவின் இரும்புப் பெட்டியில் இருந்திருக்க வேண்டியது அது. சாவு வீட்டுக் கூட்டத்தில் அம்மா அந்தப் பெட்டிச் சாவியை அண்ணியிடம் கொடுத்து வைத்திருந்தார். "சாவி யார்கிட்ட இருந்துச்சு?" என்று ஒருநாள் கேட்டேன். கேட்டது நான்தான். அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்கள் நின்றன. அண்ணி எங்கள் வீட்டுக்கு வருவதும் நின்றது.

அந்தச் சமயத்தில் வானொலியில் என் இரவு நிகழ்ச்சிக்கு மர்மக் கதைகள் பற்றி ஒரு பகுதி தயாரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அகதா கிறிஸ்டியின் 'மேங்ஸ் கோல்ட்' பற்றிப் படித்தேன். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் இருக்கிறது ஐல் ஆஃப் மேன் என்ற தீவு. அங்கே சுற்றுப்பயணிகளை இழுக்க, 1930-இல் அவரிடம் ஒரு கதை எழுதி வாங்கினார்கள். இறந்துபோன மாமா மறைத்து வைத்த செல்வத்தை இரண்டு வாரிசுகள் தேடும் கதை. அது செய்தித்தாளில் தொடராக வந்தது. தீவில் நான்கு சிறிய பொடி டப்பாக்களை உண்மையிலேயே ஒளித்து வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பரிசு 100 பவுண்டு. துப்புகள் கதைக்குள்ளேயே இருந்தன. மூன்று டப்பாக்கள் கிடைத்தன. நான்காவதை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இத்தனைக்கும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒளித்தவை அவை. அச்சடித்த துப்புகளும் உண்டு. அப்படியும் ஒன்று கிடைக்கவில்லை. எங்கள் அப்பாவோ ஒரு துப்பும் வைக்கவில்லை.

அந்த வருடம் தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, ஸ்டோர் அறையில் ஒரு மைலோ டின் அகப்பட்டது. உள்ளே அப்பாவின் பழைய லைசென்ஸ், நான்கைந்து சாலை வரி வில்லைகள், ரப்பர் பேண்டு போட்ட இரண்டு தாள்கள். ஒன்று அடகுச் சீட்டு. மற்றது 2012-இல் நான் பல்கலைக்கழகத்தில் கடைசிப் பருவத்துக்குக் கட்டிய கட்டண ரசீது. இரண்டு தேதிகளுக்கும் இடையில் மூன்றே நாள்.

அடகு வைத்த நகையை மீட்க இங்கே ஆறு மாதம்தான் அவகாசம். நீட்டிக்காமலும் மீட்காமலும் விட்டால் கைவிட்டுப் போய்விடும். அப்பாவால் மீட்க முடியவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டோர் அறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாவின் நாவல்களில் கடைசி அத்தியாயத்தில் திருடன் பிடிபடுவான். இங்கே திருடனே இல்லை. சங்கிலி போனது என் படிப்புக்கு. பழி போட்டதும் நான்.

அன்று இரவே அண்ணியைக் கூப்பிட்டேன். வானொலியில் மூன்று மணி நேரம் தடுக்காமல் பேசுகிறவளுக்கு அன்று வாய் வரவில்லை. சீட்டைப் பற்றிச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அண்ணி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நேரா என்கிட்டயே கேட்டிருந்தா, பெட்டியைத் திறக்கவே இல்லன்னு அன்னைக்கே சொல்லியிருப்பேனே" என்றார். தீபாவளிக்கு வந்தார். பழைய கலகலப்பு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

எல்லாம் ஓய்ந்தபின் அண்ணனும் நானும் இன்னொரு தேடலைச் செய்தோம். ஏழு வருடம் அசைவில்லாமல் கிடக்கும் வங்கிக் கணக்கின் பணம், 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தலைமைக் கணக்காளர் துறையில் இருக்கும் கோரப்படாத பணப் பதிவாளரிடம் போய்விடும். அந்தத் துறையின் 'இகுமிஸ்' இணையத்தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். அப்பா பெயரில் 312 வெள்ளி இருந்தது. அப்படி ஒரு கணக்கு இருந்ததை அவரே மறந்திருப்பார்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எந்த வங்கி, எந்தக் காப்புறுதி, சேமநிதிக்கு வாரிசாக யார் பெயர் கொடுத்திருக்கிறோம், எந்த நகை எங்கே, யாருக்கு எவ்வளவு கடன் என்று எல்லாம் அதில் இருக்கும். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடன் பக்கம் வந்ததும் அம்மா தயங்கினார். "இதையும் எழுதணுமா?" என்றார்.

"அதைத்தான்மா முதல்ல எழுதணும்" என்றேன்.

நோட்டுப் புத்தகம் மைலோ டின்னில்தான் இருக்கிறது. டின் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அண்ணிக்கும்தான்.