நைனாவோட மோளம்

எங்க நைனா சாவு மோளம் அடிச்சவர். இதை நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு முப்பது வயசு தாண்ட வேண்டியிருந்தது.

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே எங்க காலனி. ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் ராத்திரியோ பகலோ ஆள் வரும், நைனா போவார். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சும்போது வருகிற வாசனையே எனக்குக் குமட்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெஞ்சில் தாளம் தட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கும். அதனால் மோளச் சத்தம் கேட்டாலே டேப்ரெக்கார்டரில் இளையராஜாவைச் சத்தமாக வைப்பேன். வயலின் வருகிற பாட்டாகப் பார்த்து வைப்பேன். அதைத்தான் ரசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதே இளையராஜா பாட்டுகளுக்குள்ளும் தப்பு இருந்தது. என் காதுக்குத்தான் எட்டவில்லை.

ஒரு சாவில் கூலியைக் கையில் தராமல் மண்ணில் போட்டார்கள். நைனா குனியவில்லை. வீட்டுக்கு வந்து மோளத்தைப் பரணில் ஏத்தினவர், மறுவாரமே சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லுக்குக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனார்.

எம்.ஏ. வகுப்பில் தொல்காப்பியம். தெய்வம், உணவு, மரம், புள் இவற்றோடு பறையும் கருப்பொருள். குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, பாலைக்குத் துடி. மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினேன். எங்க பரணில் கிடப்பதும் பறைதான் என்று நான் வாய் திறக்கவில்லை.

அப்புறம்தான் இயக்கம். கே.ஏ.குணசேகரன் குரலில் இன்குலாபின் 'மனுசங்கடா' கேட்டேன். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. கானா, ராப், பறை எல்லாம் ஒரே மேடையில். காலேஜ் போகும்போது மின்சார ரயிலில் பையன்கள் கானா பாடினால் பெட்டி மாறி உட்கார்ந்தவள் நான். அன்றைக்கு வெட்கமில்லாமல் ஆடினேன். பறையும் கற்றுக்கொண்டேன்.

பறை விடுதலையின் இசை என்கிறார்கள் தோழர்கள். சரிதான். ஆனால் காட்டுமன்னார்கோயில் பக்கம் எல்.இளையபெருமாள் காலத்தில் 'இனி பறையடிக்க மாட்டோம்' என்று நின்றார்களே, அது எதுவாம்? எங்க நைனாவும் அந்தக் கட்சிதான். 2025-இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ என்று செய்தி வந்தபோது ஓடிப்போய்க் காட்டினேன். "மதுரக்காரரா? நல்லாருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

போன மாசம் சொந்தமாக ஒரு பறை வாங்கி வந்தேன். நைனா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, காய்ச்ச வேணாமா?"

"வேணாம் நைனா. தோல் இல்ல, பைபர்."

விரலால் ஒரு தட்டு தட்டினார். "சத்தம் வருது. கனம் இல்ல."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எவனாவது சாவுக்கு வான்னு கூப்ட்டா போவியா?"

"போமாட்டேன்."

"அப்ப உள்ள வை. வாசல்ல மாட்டாத."