சிவப்பு எங்கே போச்சு?

எண்ணூர் விரைவுச் சாலையில் 'லோடு' என்றால் அது கன்டெய்னர்தான். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் லாரி வரிசையில் டிரைவர்கள் சமைத்து, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிடுவார்கள். அந்தச் சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, திருவொற்றியூரில் ஒரு மாடி அறையில் வேறு மாதிரி லோடு ஒன்றைப் பார்த்தேன். லாரிக்கு பதில் லேப்டாப். ஏற்றிய சரக்கு, மரத்தாலான ஒரு பம்ப் உறை. காத்திருப்பு மட்டும் அதேதான்.

அந்த வீட்டுப் பெரியவர் எனக்குப் பல வருஷப் பழக்கம். ஃபவுண்டரிகளுக்கு பேட்டர்ன் செய்துகொடுத்தவர். இரும்பில் எதை வார்க்க வேண்டுமானாலும் முதலில் அதை மரத்தில் செய்தாக வேண்டும். மரத்தை மண்ணில் பதித்து, உருவி எடுத்தால் பள்ளம். பள்ளத்தில் உருகிய இரும்பு. ஆறினால் சாமான். சொல்வதற்கு சுலபம். இரும்பு ஆறும்போது சுருங்கும், ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. அதனால் மரத்தை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். மண் சிதையாமல் உருவுவதற்கு லேசான சரிவு வைக்க வேண்டும். பிறகு லேத்தில் கடையப்போகிற பரப்பில் கொஞ்சம் அதிகப்படி சதை விட வேண்டும். அது எந்தப் பரப்பு என்று மோல்டருக்குத் தெரிய பெயின்ட் அடிப்பார்கள். பெரியவர் பட்டறை வழக்கப்படி கடைய வேண்டிய இடம் சிவப்பு, வேண்டாத இடம் கறுப்பு.

வடசென்னையில் இந்தத் தொழில் வளர்ந்ததில் ஆச்சர்யமில்லை. 1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955ல் அசோக் லேலண்ட் ஆனது, தொழிற்சாலை எண்ணூரில். அதே 1955ல் உருவான என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட் தொழிற்சாலை திருவொற்றியூரில். பெரிய ஆலை வந்தால் சுற்றிலும் சின்னப் பட்டறைகள் முளைக்கும். பெரியவரின் பட்டறையும் அப்படி முளைத்து, அப்படியே மூடியும்போனது. மிச்சம், மொட்டை மாடியில் குவிந்துகிடக்கும் தேக்கு பேட்டர்ன்கள். வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். பாதி ஏற்கெனவே விறகாகிவிட்டது.

மீதியைக் காப்பாற்றக் கிளம்பியவர் பேரன். பழைய மகாபலிபுரம் சாலையில் சாஃப்ட்வேர் வேலை. சனி, ஞாயிறு தாத்தா வேலை. மரத்தை வைத்துக்கொள்ள இடமில்லை, ஃபைலாக வைத்துக்கொள்ளலாமே என்று யோசனை. ஒவ்வொரு பேட்டர்னையும் சுற்றிச்சுற்றி செல்போனில் எழுபது, எண்பது படம் எடுத்தார். அந்தப் படங்களை ஒப்பிட்டு முப்பரிமாண உருவம் கட்டித்தர சாஃப்ட்வேர் இருக்கிறது. உருவம் என்றால் வேறொன்றுமில்லை. லட்சக்கணக்கான குட்டி முக்கோணங்களை ஒட்டிச் செய்த கூடு. உள்ளே வெறும் காற்று.

சிக்கல், கூட்டை எந்த ஃபைலில் வைப்பது என்பதில். ஓ.பி.ஜே., எஸ்.டி.எல்., எஃப்.பி.எக்ஸ்., பி.எல்.ஒய்., ஜி.எல்.டி.எஃப். என்று ஆளுக்கொரு ஃபார்மட். 1960கள் வரை கப்பல் சரக்கும் இப்படித்தான் வந்தது. மூட்டை, பீப்பாய், பெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி ஆள், தனிக் கொக்கி. 1968ல் கன்டெய்னர் அளவுகளுக்கு உலகத் தரம் வர ஆரம்பித்தது. 1983ல் சென்னைத் துறைமுகத்திலேயே கன்டெய்னருக்கென்று தனி முனையம் வந்துவிட்டது. இருபது அடி, நாற்பது அடி, முடிந்தது கதை. முப்பரிமாண ஃபைல்களுக்கு இன்னும் அந்த சுகம் முழுசாக வாய்க்கவில்லை.

அதற்குத்தான் 'அசிம்ப்' என்றொரு இலவச நூலகம். புத்தக நூலகமல்ல, மற்ற புரோகிராம்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் நிரல்களின் தொகுப்பு. நாற்பதுக்கும் மேற்பட்ட ஃபார்மட்களைத் திறந்து, உள்ளே இருப்பதை ஒரே மாதிரி அடுக்கிக் கொடுத்துவிடும். எழுதியிருப்பது சி ப்ளஸ் ப்ளஸ் மொழியில். வேகமான மொழி, ஆனால் கெடுபிடி அதிகம். பேரனுக்குப் பிடித்தது பைத்தான். 1991ல் கைடோ வான் ரோசம் வெளியிட்ட இந்த மொழியின் பெயருக்கும் மலைப்பாம்புக்கும் சம்பந்தமில்லை. மான்ட்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் கோஷ்டியின் பெயர். இரண்டு மொழிகளுக்கும் நடுவே நின்று பேச ஒருவர் வேண்டும். அவர்தான் 'ரேப்பர்'. பெயர், பைஅசிம்ப்.

ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ் பக்கம் போனவர்களுக்கு இவரைப் புரிந்துகொள்வது எளிது. கிளியரிங் ஏஜென்ட்! நீங்கள் தமிழில் சொன்னால், அவர் உள்ளே போய் எந்தக் காகிதத்தை எந்த மேஜையில் நீட்ட வேண்டுமோ நீட்டி, சரக்கை எடுத்து வருவார். சரக்கைத் தூக்குவது அவரல்ல, கிரேன்தான். பைஅசிம்ப்பும் அப்படியே. நாலே வரியில் புரோகிராம் எழுதினால் போதும். ஃபைலைத் திற, முதல் கூட்டை எடு, புள்ளிகளை எண்ணு, மூடு.

ஆனால் ஏஜென்ட் போன வருஷ ஃபாரத்தைக் கொண்டுபோனால்? அதுதான் அந்த மாடியில் நடந்தது. நூலகம் புது வெர்ஷன், ரேப்பர் பழசு. நினைவகத்தில் எந்தத் தகவல் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதில் இருவருக்கும் ஒற்றுமை இல்லாவிட்டால், புள்ளிகளின் எண்ணிக்கை என்று நினைத்து வேறெதையோ படித்துவிட்டு பைத்தானே மண்டையைப் போட்டுவிடும். பிழைச் செய்திகூட வராது. இரண்டையும் ஒரே வெர்ஷனுக்குக் கொண்டுவந்த பிறகுதான் சரக்கு இறங்கியது.

திரையில் பம்ப் உறை. பத்து லட்சம் முக்கோணம், எஸ்.டி.எல். ஃபைல். கணக்கு எளிது: தலைப்புக்கும் எண்ணிக்கைக்கும் 84 பைட், முக்கோணம் ஒன்றுக்கு 50 பைட். ஆக, ஐந்து கோடி பைட். ஒவ்வொரு முக்கோணமும் தன் மூன்று முனைகளைத் தனித்தனியாக ஒப்பிப்பதால் முப்பது லட்சம் புள்ளிகள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரே சுவரை ஆளுக்கொரு முறை எழுதிக்கொடுப்பது போல. ஒன்றாக இருப்பதைச் சேர் என்று அசிம்ப்பிடம் சொன்னதும் சுமார் ஐந்து லட்சமாகக் குறைந்தது.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நல்லாத்தான் கீது. செவப்பு எங்கடா போச்சு?"

முழுக்கச் சாம்பல் நிறம். எஸ்.டி.எல். 1987ல் த்ரீடி சிஸ்டம்ஸ் நிறுவனத்தில், பொருளை அடுக்கடுக்காக 'அச்சடிக்கும்' இயந்திரங்களுக்காகப் பிறந்தது. அதன் தரத்தில் நிறத்துக்கு இடமில்லை. பேரனுக்கு அது அழகு சம்பந்தப்பட்ட விஷயம். தாத்தாவுக்கு அது ஒரு வாக்கியம்: 'இந்த இடத்தைக் கடைய வேண்டும், அதற்காகச் சதை விட்டிருக்கிறேன்.' அந்த வாக்கியம் அழிந்துபோன ஃபைலை வைத்து யாராவது வார்த்தால், ஏன் இந்த விளிம்பு மட்டும் தடித்திருக்கிறது என்று விழிப்பான்.

அடுத்த தகராறு அளவில். விளிம்பின் விட்டம் 202 மில்லிமீட்டர் என்றார் பேரன். தாத்தா தன் ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்து "சரியா எரநூறு" என்றார். கடைத்தெரு ஸ்கேலை வைத்தால் 202. இருவருமே பொய் சொல்லவில்லை. தாத்தாவின் ஸ்கேல் பேட்டர்ன்காரர்களின் சுருக்க ஸ்கேல். அதில் 100 என்று போட்டிருக்கும் இடம் நிஜத்தில் 101. இரும்பு ஆறிச் சுருங்கிய பிறகு வரப்போகிற அளவை மரத்திலேயே படித்துக்கொள்ளலாம். மனக்கணக்கு மிச்சம்.

எஸ்.டி.எல்.லும் ஓ.பி.ஜே.யும் வெறும் எண்ணைத்தான் சேமிக்கின்றன. அது மில்லிமீட்டரா, அங்குலமா என்று சொல்வதில்லை. மீட்டரில் நினைக்கும் ஒரு புரோகிராமில் இதையே ஏற்றிப் பார்த்தார் பேரன். பம்ப் உறை 202 மீட்டருக்கு விரிந்தது. நம் எல்.ஐ.சி. கட்டடமே 177 அடிதான்! சில புரோகிராமுக்கு மேல்நோக்கிய அச்சு 'ஒய்', சிலவற்றுக்கு 'இசட்' என்பதால் அது மல்லாந்து வேறு படுத்திருந்தது.

இது நம்மூர்க் குறை அல்ல. 1975ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் தன் வீட்டு டீ கெண்டியை எண்களாக மாற்றினார். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் படித்த எல்லோரும் ஒரு முறையாவது அந்தக் கெண்டியைத் திரையில் ஏற்றியிருப்பார்கள். அசல் கெண்டி, கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் மியூசியத்தில் இருக்கிறது. திரையில் உலகம் பார்த்தது அதைவிடக் குள்ளம். அசல் கண்ணெதிரே இருப்பதால் வித்தியாசம் தெரிகிறது. மொட்டை மாடி பேட்டர்ன்கள் விறகான பிறகு யார் வந்து சொல்வது?

பேரன் மறுபடி ஆரம்பித்தார். நிறத்தையும் சேர்த்து வைக்கும் பி.எல்.ஒய். ஃபார்மட்டில் ஒரு பிரதி. படமெடுக்கும்போது பேட்டர்ன் பக்கத்தில் சாதாரண ஸ்டீல் ஸ்கேல் ஒன்று. கூடவே, தாத்தா சொல்லச்சொல்ல டைப் செய்த தனிக் குறிப்பு: எந்த உலோகத்துக்கு, எவ்வளவு சுருக்கம் விட்டது, சிவப்பு என்றால் என்ன, சரிவு எந்தப் பக்கம். ஃபைல் ஐந்து கோடி பைட், குறிப்பு இரண்டாயிரம் பைட். கேட்டால், இரண்டாவதைத்தான் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். முக்கோணங்களை எந்த நூலகமும் படித்துவிடும். முக்கோணத்தில் இல்லாததை எந்த ரேப்பரும் எடுத்துத்தராது. அது தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

நான் கிளம்பும்போது இருபத்திமூன்று பேட்டர்ன்கள் முடிந்திருந்தன. மாடியைக் காலி செய்ய இன்னும் ஒரு மாதம்.

"சார், தேக்கு நாப்பது வருசம் தாங்கிச்சு. இது தாங்குமா?" என்றார் பெரியவர்.

1987ல் வந்த ஃபார்மட் இன்றைக்கும் திறக்கிறதே என்று தைரியம் சொன்னேன். அவர் சமாதானமான மாதிரி தெரியவில்லை. பேரனைப் பார்த்து, "எதுக்கும் அந்தக் குறிப்ப ஒரு நோட்லயும் எழுதி வெச்சிடு கண்ணு" என்றார்.