தேங்கி நிற்கும் ஒளி

விளக்கணைந்த பின்னும் ஒளிரும் பச்சை அம்புக்குறிகளைப் படிக்கட்டுகளில் கண்டிருப்பீர்கள். அவற்றின் பூச்சில் இருப்பது ஸ்ட்ரான்சியம் அலுமினேட். அதில் சிறிதளவு கலந்த யூரோப்பியம் ஒளி தருகிறது. டிஸ்ப்ரோசியமும் சேர்ந்தால், படிகத்தின் பொறிகளில் எலெக்ட்ரான்கள் சிக்கி, அறை வெப்பத்தில் சிறிது சிறிதாக விடுபடுகின்றன. ஒளி பல மணி நேரம் நீடிக்கிறது. 1990களில் ஜப்பானியர் உருவாக்கிய இப்பொருள், பழைய துத்தநாக சல்பைடைப் பின்தள்ளியது.

இதையே நானோ துகளாக்கினால், பரப்பிலுள்ள குறைகள் ஒளியை விழுங்குகின்றன; ஈரமும் கெடுக்கிறது. ஆதலால் துகளுக்குச் சிலிக்கா போர்வை போர்த்திக் காக்க ஆய்வாளர் முயல்கின்றனர்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு பார்க்கும் அப்பாவிடம் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கரன்ட் போனா அந்த அம்பைப் பார்த்துத்தான்ப்பா எறங்குறோம். விடியற வரைக்கும் தாங்குமா?" என்றார். எந்தத் தேர்வுத்தாளும் என்னை இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.