கட்டைகளுக்கு இடையே ஓர் ஒலி

புனே நகரின் தப்கீர் கல்லியில் மின்னணுப் பொருள்கள் விற்கும் சிறு கடைகள் நெருங்கி நிற்கின்றன. கிதார் வாசிக்கும் இளைஞருக்கும் அக்கடைகள் பயன்படுகின்றன. இரண்டு டிரான்சிஸ்டர்கள், சில மின்தடைகள், மின்தேக்கிகள், ஓர் 9 வோல்ட் மின்கலம் ஆகியவற்றைத் தகரப் பெட்டிக்குள் முறையாக இணைத்தால், கிதாரின் தெளிந்த ஒலி கரகரத்த முழக்கமாக மாறும். ஒலியலையின் முகடுகளை அம்மின்சுற்று வெட்டிவிடுவதே அதற்குக் காரணம். ஆயத்தமான பெட்டிகள் கடையில் கிடைக்கும்போது, கையைச் சுட்டுக்கொண்டு தாமே செய்வானேன்? தம் செவி நாடும் ஒலி அப்பெட்டிகளில் இல்லை என்பதே அவர்கள் கூறும் விடை.

இவ்வேட்கை புதியதன்று. நூறாண்டுகளுக்கு முன்னரே மராட்டிய மண்ணில் சிலர் ஓர் இசைக்கருவியைத் திருத்த முற்பட்டனர். அக்கருவி ஆர்மோனியம்.

ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டைகள் உண்டு. கட்டையை அழுத்தினால் துருத்தியின் காற்று உள்ளே இருக்கும் பித்தளை நாக்கை அதிரச் செய்யும். அந்நாக்கு எழுப்பும் ஒலி மாறாதது. தம்புராவைக் கூர்ந்து கேட்போருக்கு, சட்ஜத் தந்தியிலிருந்து காந்தாரம் மெல்லத் தானே எழுவது புலப்படும். ஆர்மோனியக் கட்டை தரும் காந்தாரமோ அதனினும் சற்றே உயர்ந்திருக்கும். வேறுபாடு மிகச் சிறிது. ஆயினும் பழகிய செவிக்கு அது உறுத்தும்.

அவ்வுறுத்தலை நீக்க முனைந்தவர்கள் இசையைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். கே. பி. தேவல் ஓய்வுபெற்ற துணை ஆட்சியர். கிளமெண்ட்ஸ் ஆங்கிலேய நீதிபதி. அலுவல் நீங்கிய பொழுதுகளில் இவர்கள் சுருதிகளை ஆராய்ந்தனர். கிரானா மரபின் பெரும் பாடகரான அப்துல் கரீம் கான் இவர்களுக்காகப் பாடிக்காட்டினார். கான் சாகிப் தம்புராக்களைத் தம் கையாலேயே பழுதுபார்க்கும் வழக்கமுடையவர். 1913-இல் புனேயில் ஆரிய சங்கீத வித்தியாலயத்தை நிறுவியவரும் அவரே. இருபத்திரண்டு சுருதிகளைப் பற்றிய தேவலின் நூல் 1910-இல் வெளிவந்தது. அச்சுருதிகளை இசைக்கவல்ல ஆர்மோனியம் ஒன்று இலண்டனில் செய்விக்கப்பட்டது.

நாக்கின் நுனியை அரத்தால் சிறிது தேய்த்தால் ஒலி உயரும்; அடிப்பகுதியைத் தேய்த்தால் தாழும். மயிரிழை மிகுந்தாலும் ஒலி பிழைபடும். ஆகவே இவ்வேலைக்குக் கைத்திறனினும் செவித்திறனே முதன்மையானது.

1916 மார்ச்சில் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டில் இம்முயற்சி அறிஞர்முன் வைக்கப்பட்டது. அம்மாநாட்டுக்குத் தஞ்சாவூரிலிருந்து ஆபிரகாம் பண்டிதரும் சென்றிருந்தார். அவரும் தொழிலால் இசைவாணர் அல்லர், சித்த மருத்துவர். பழந்தமிழ் இசைமுறைகளை ஆய்ந்த அவர், ஒரு ஸ்தாயியில் சுருதிகள் இருபத்திரண்டு அல்ல, இருபத்து நான்கே என்று கருதினார். தம் கொள்கையை வாய்ச்சொல்லோடு விடாமல் வீணை இசையாலும் விளக்கச் செய்தார். மறு ஆண்டில் அவருடைய ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது.

நீதிபதியும் ஆட்சியரும் ஒருபுறம், மருத்துவர் மறுபுறம். மொழியாலும் முறையாலும் வேறுபட்டிருந்தும், அவர்களை ஆட்கொண்டிருந்த வினா ஒன்றே: கருவிக்கு ஏற்பப் பாடுவதா, பாட்டுக்கு ஏற்பக் கருவியைத் திருத்துவதா?

திருத்திய ஆர்மோனியத்தை அறிஞர் அனைவரும் ஏற்கவில்லை. அது பரவலாக வழக்கிலும் வரவில்லை. ஒரு சுரத்திலிருந்து மறுசுரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகத்தைக் கட்டைகள் எத்தனை கூடினும் தர இயலாது. வீணையின் தந்தியை மெட்டின்மேல் இழுத்தால் அக்கமகம் பிறக்கும். இத்தகைய குறைகளைச் சுட்டி, 1940 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கிவைத்தது. ஆயினும் ஆர்மோனியம் மடியவில்லை. பஜனைக் கூடங்களிலும் நாடக மேடைகளிலும் அது தொடர்ந்து ஒலித்தது.

அவ்வாறாயின் தேவலும் கிளமெண்ட்ஸும் பட்ட பாடு வீணா? அன்று. அவர்கள் தொட்ட குறை உண்மையானது. இன்றைய மின்னணுக் கீபோர்டுகள் பலவற்றின் இடப்புறத்தில் சிறு சக்கரம் ஒன்று உண்டு. அதை உருட்டினால் சுரம் வளைந்து அடுத்த சுரத்தை நோக்கி நகரும். கட்டைகளுக்கு இடையிலும் இசை உண்டு என்பதை அச்சக்கரம் ஒப்புக்கொள்கிறது.

தப்கீர் கல்லியில் வாங்கிய பொருள்களைப் பற்றவைக்கும் இளைஞனின் முதற்பெட்டி பெரும்பாலும் இரைச்சலையே தரும். அவன் அதைத் திறந்து, ஒரு மின்தடையை மாற்றி, தந்தியை மீட்டிக் கேட்பான், மீண்டும் மாற்றுவான். அரத்தைக் கையில் ஏந்தி, நாக்கைத் தேய்த்துத் தேய்த்து ஒலியைக் கேட்டவரும் அதையே செய்தார். விலை கொடுத்தால் கருவி கிடைக்கும். அதன் குறையை அறியும் செவியைப் பொறுமையாகக் கேட்டுக் கேட்டே பெறவேண்டும்.