சத்தமில்லாத ஏவல்காரன்

பாலாவிப் பக்கத்து மரப் பட்டறையில், அறுப்பு மெஷினைப் போட்டால் தூசி உறிஞ்சும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் நின்ற பழைய கொன்டாக்டரைக் கழற்றிவிட்டு, பட்டறைக்கார நானாவின் மருமகன் சொலிட் ஸ்டேட் ரிலே ஒன்றைப் பூட்டியிருக்கிறான். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புக் கட்டி. மேலே 40 அம்பியர் என்றிருக்கிறது. ஒரு பக்கம் நாலைந்து வோல்ட் கொடுத்தால் உள்ளே ஒரு பொடி விளக்கு எரிகிறது. அந்த வெளிச்சம் பட்டு மறுபக்கத்தில் 230 வோல்ட் பாயத் தொடங்குகிறது. இரண்டு பக்கத்துக்கும் இடையே கம்பி கிடையாது. கட்டளை மட்டும் கடக்கிறது; கட்டளையிட்டவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார்.

இதைப் பார்த்ததும் எனக்குப் பயணி இப்னு பதூதா ஞாபகம் வந்தார். 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்டவரைக் காற்று இந்தப் புத்தளக் கரையில்தான் கொண்டுவந்து விட்டது. கரையெல்லாம் வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் குன்றுகளாகக் கிடந்தனவாம். மலையாளக் கரையிலிருந்தும் மஃபர் எனப்பட்ட சோழமண்டலக் கரையிலிருந்தும் வருகிறவர்கள் அவற்றை விலையில்லாமல் அள்ளிப்போவார்களாம். ராஜாவுக்குத் துணிமணி கொடுத்தால் போதும். மரவேலியும் மரக் கோபுரமுமாக ஓர் அழகான சின்னப் பட்டணம். அதில் இருந்த ஆரியச்சக்கரவர்த்தி பாரசீகம் அறிந்தவர். விருந்தாளிக்கு முத்துகளைக் காட்டினார். வேண்டியதைக் கேள் என்றபோது, பாவாத மலை எனும் ஆதம் மலையைப் பார்க்க வேண்டும் என்றார் பயணி. ராஜா வாய் திறந்தார், அவ்வளவுதான்: பல்லக்கு, அதைச் சுமக்க ஆட்கள், வழிகாட்ட நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், கூடப்போகப் பத்துப்பேர், சாமான் தூக்கப் பதினைந்துபேர். சொன்னது ஒருவர், மலை ஏறியது இத்தனை கால்கள்.

ஆனால் பல்லக்குத் தூக்கி செத்து விழுந்தால் பல்லக்கு நின்றுவிடும். இந்தக் கறுப்புக் கட்டி பெரும்பாலும் மூடியபடியே சாகும். கட்டளையை எடுத்த பிறகும் மோட்டார் ஓடும். நிறுத்தியிருக்கும்போதுகூடக் கொஞ்சம் கரண்ட் கசியும். 20 அம்பியர் ஓடினால் இருபது, இருபத்தைந்து வாற்று சூடு உடம்பில் ஏறும். அலுமினியத் தட்டில் பதித்தே பூட்ட வேண்டும். மோட்டார் கிளம்பும்போது வழக்கமாக இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு இழுப்பதால், பத்து அம்பியர் மோட்டாருக்கு 40 என்பது ஆடம்பரமல்ல.

மருமகன் பக்கமும் நியாயம் இருக்கிறது. களப்புக் காற்றின் உப்பில் கொன்டாக்டரின் பொயிண்ட் எத்தனை நாள் தாங்கும்? அதில் ஒவ்வொரு தடவையும் பொறி வேறு. இதில் அசையவும் தேயவும் ஒன்றுமில்லை.

“சத்தம் போடாம வேல செய்யிற ஆள நான் நம்ப மாட்டேன் மகன்” என்றார் நானா. எனக்கும் அதே குணம்தான்; ‘டக்’ என்று கேட்டால்தான் போட்டதும் நின்றதும் மனதில் பதியும். கடைசியில், சிவப்புப் பொத்தானை அழுத்தினால் முழு லைனையும் அறுக்கும்படி ரிலேக்கு முன்னால் ஒரு கொன்டாக்டரையும் பூட்ட வைத்துவிட்டார். வாள் அலகை மாற்றும்போது மெயின் ஆளியையும் இறக்கிவிட வேண்டும் என்பது அவருடைய தனிச் சட்டம். ரிலேக்கும் கொன்டாக்டருக்கும் காசு கொடுத்தவர் நானா. மருமகனுக்குத்தான் இன்னும் கோபம் ஆறவில்லை.