நொரிச் நகரில் ஒரு யன்னல்

"அக்கா, மற்றப் பிள்ளையள் எல்லாம் டொக்டர், எக்கவுண்டன் எண்டு படிக்குதுகள். இவள் கடன் எடுத்து, மூண்டு வருசம் கதை எழுதப் படிக்கிறாள். நீங்களாவது ஒருக்காப் போய் என்ன ஏது எண்டு பாத்துக்கொண்டு வாங்கோ."

லண்டனில் இருக்கும் என் தங்கை இப்படிச் சொன்னபோது அவளுடைய குரலில் பாதி பெருமை, பாதி கவலை. அவளைப் பார்க்கப் போயிருந்த நான், 2024ஆம் ஆண்டு மே மாதம் ஒரு காலையில் லிவர்பூல் ஸ்ரீற் நிலையத்தில் ரயில் ஏறினேன். இரண்டு மணித்தியாலத்துக்குள் நொரிச் வந்துவிட்டது. வழி நெடுகச் சமதரை. மலையும் இல்லை, மேடும் இல்லை. எங்கள் வலிகாமம் போல எந்தப் பக்கம் திரும்பினாலும் வானம்தான் தெரிந்தது.

நிலையத்தில் என் பெறாமகள் நின்றாள். பஸ்ஸில் நகரத்தைத் தாண்டி, ஈஸ்ற் அங்கிலியா பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப்போனாள்.

பெரிய படிப்பு என்றால் கோபுரமும் தூணும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே எல்லாம் பூசாத சீமெந்துச் சுவர். மாணவர் விடுதிகள் படிப்படியாகக் கட்டிய கோவில் போல, ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்வாங்கி ஏறுகின்றன. டெனிஸ் லாஸ்டன் என்ற கட்டடக் கலைஞர் 1960களில் அமைத்தவை அவை. பல்கலைக்கழகம் தொடங்கியது 1963இல். கீழே புல்வெளி, அதற்கப்பால் ஒரு ஏரி. புல்லில் முயல்கள் பயமில்லாமல் மேய்கின்றன. எனக்கு முதலில் பிடித்தது அந்த முயல்கள்தான்.

ஏரிக்கரை வாங்கில் இருந்து அவளிடம் கேட்டேன்: "பிள்ளை, கதை எழுதுறதை ஆரும் படிப்பிக்கலாமோ?"

"எல்லாரும் அதைத்தான் கேக்கிறவை, பெரியம்மா" என்று சிரித்தாள்.

இங்கிலாந்தில் அதைப் படிப்பிக்கலாம் என்று துணிந்து முதலில் முதுகலை வகுப்புத் தொடங்கியது இந்த இடம்தான். 1970இல் மல்கம் பிரட்பரி, அங்கஸ் வில்சன் என்ற இரண்டு எழுத்தாளர்கள் அதைத் தொடங்கினார்கள். முதல் ஆண்டில் சேர்ந்தவர் ஒரேயொரு மாணவர். அவர்தான் பின்னாளில் பெயர்பெற்ற இயன் மக்கியூவன். பத்து ஆண்டுகளில் கசுவோ இஷிகுரோ என்ற இளைஞர் அதே வகுப்பில் படித்து முடித்தார். நாகசாக்கியில் பிறந்து, ஐந்து வயதில் பெற்றோருடன் இங்கிலாந்து வந்தவர். 1982இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல், நாகசாக்கியிலிருந்து வந்து இங்கிலாந்தில் வாழும் ஒரு தாயைப் பற்றியது. 2017இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. போரால் அழிந்த ஊரின் பிள்ளை ஒருவர், வேறு நாட்டின் மொழியில் அந்த ஊரைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

என் பெறாமகள் படிப்பது முதுகலை அல்ல, மூன்று வருட இளங்கலை. ஆங்கில இலக்கியத்தோடு படைப்பெழுத்தும் சேர்ந்தது. எழுதுவதைவிட வாசிப்பதே அதிகம் என்றாள். பழைய நாடகங்கள், கவிதைகள், நாவல்கள் எல்லாம் வாசித்து, அவை எப்படி ஆக்கப்பட்டன என்று கட்டுரை எழுத வேண்டும். ஆண்டுக் கட்டணம் அப்போது 9,250 பவுண். அரசாங்கக் கடனில் கட்டி, உழைக்கத் தொடங்கியதும் சம்பளம் ஒரு அளவைத் தாண்டினால் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தங்கையின் கவலைக்கும் காரணம் இருக்கிறது.

படைப்பெழுத்து வகுப்பை அவர்கள் 'வேக்ஷொப்' என்கிறார்கள். எழுதியதை முன்கூட்டியே எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக இருந்து அதைப் பற்றிக் கதைப்பார்கள். எழுதியவர் மட்டும் வாய் திறக்கக்கூடாது. கேட்டுக்கொண்டு குறிப்பு எடுக்கலாம். எந்த இடம் விளங்கவில்லை, எந்த இடம் மனதில் நிற்கிறது, எந்த வசனம் தேவையில்லை என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள்.

"அதுதான் பெரிய கஷ்டம்" என்றவள், சற்றுப் பொறுத்து, "பெரியம்மா, நான் அம்மம்மாவைப் பற்றி எழுதினனான்" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"95 இடம்பெயர்வு. அம்மா எனக்குச் சொன்னதை வைச்சு எழுதினனான். வகுப்பிலை ஒரு பெட்டை சொன்னாள், எல்லாம் நம்பக்கூடியதாய் இருக்கு, அம்மம்மா சாகிற இடம் மட்டும் ஆரோ மறைச்ச மாதிரி இருக்கு எண்டு. இலங்கை எங்கை இருக்கெண்டே அவளுக்குத் தெரியாது. நான் திருப்பி வாசிச்சுப் பாத்தன். எனக்கும் அப்பிடித்தான் இருந்தது."

அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. "வாங்கோ, ஒரு இடம் காட்டிறன்" என்று என்னை நகரத்துக்குக் கூட்டிப்போனாள்.

போகிற வழியில் நகர நூலகத்தைக் காட்டினாள். கண்ணாடி முகப்புடன் 2001இல் திறந்த கட்டடம். அதற்கு முன் அங்கே இருந்த நூலகம் 1994 ஓகஸ்ட் 1ஆம் திகதி தீப்பிடித்து எரிந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் சாம்பலாகினவாம். அது விபத்து. 1981 மே 31 இரவு எங்கள் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தது விபத்தல்ல. ஆனால் எரிந்த கடதாசியின் மணம் எங்கும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஆற்றுப் பக்கமாக ஒரு ஒடுங்கிய ஒழுங்கை. அதன் ஓரத்தில் புனித ஜூலியன் தேவாலயம். சின்னக் கோவில்தான். 1942இல் ஜேர்மன் விமானக் குண்டில் பெரும்பகுதி இடிந்துபோக, 1953இல் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு சிறிய அறை. அதே இடத்தில் 600 வருடங்களுக்கு முன் ஒரு பெண் தன்னைத் தானே அடைத்துக்கொண்டு தவம் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் எவருக்கும் தெரியாது. கோவிலின் பெயரைச் சேர்த்து நொரிச் ஜூலியன் என்கிறார்கள். கொள்ளைநோய் அந்த நகரத்தை வாரிக்கொண்டு போனபோது அவர் சிறுபிள்ளை. 1373இல், முப்பது வயதில், சாகக் கிடந்தபோது கண்ட காட்சிகளைப் பிழைத்தெழுந்து எழுதினார். ஒரு பெண் எழுதியதாகத் தெரிந்து, ஆங்கிலத்தில் இன்று எங்களிடம் இருக்கும் நூல்களில் மிகப் பழையது அதுதான்.

அவருடைய அறைக்கு வெளியே திறக்கும் யன்னல் ஒன்று இருந்தது. மனம் நொந்தவர்கள் அதன் அருகே வந்து கதைப்பார்கள். 1413ஆம் ஆண்டளவில் அப்படி வந்தவர்களில் ஒருவர் மாஜரி கெம்ப், 14 பிள்ளைகளைப் பெற்ற தாய். சில நாட்கள் தங்கி ஜூலியனிடம் தன் மனதைக் கொட்டினார். மாஜரிக்கு எழுதத் தெரியாது. முதிய வயதில் தன் வாழ்க்கையை வாயால் சொல்ல, வேறு ஒருவர் எழுதினார். ஆங்கிலத்தின் முதல் சுயசரிதை என்று இன்று அதைத்தான் சொல்கிறார்கள். அதன் கையெழுத்துப் பிரதி 1934இல்தான் ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்தது.

"எழுதத் தெரியாத மனுசியோ?" என்று திரும்பவும் கேட்டேன்.

"ஓம் பெரியம்மா. சொல்லத் தெரிஞ்சிருந்தது."

அந்த அறையின் வாங்கில் இருந்துதான் நான் சொன்னேன். தங்கைக்கு எழுதிய கடிதத்தில், அம்மா கொடிகாமத்தில் ஒரு வீட்டில், டொக்டர் வந்து பார்த்து, நித்திரையில் போனதாக எழுதியிருந்தேன். தூரத்தில் தனியாக இருந்த பிள்ளை தாங்கமாட்டாள் என்று எழுதிய பொய் அது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிய பிறகு, கைதடிக்குப் போகும் வழியில், தெருவோரத்தில் விடியமுன் அம்மா போனார். சைக்கிளின் பின் கரியரில் இருத்திப் பிடித்துக்கொண்டு வந்தோம். எங்களுக்குப் பின்னால் சனம் தள்ளிக்கொண்டு வந்தது. நின்று அழக்கூட இடமில்லை.

பெறாமகள் கொப்பியைத் திறக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு கேட்டாள்: "இதை நான் எழுதலாமோ? நீங்கள் வேண்டாம் எண்டால் எழுதமாட்டன்."

"முதல் கொம்மாவுக்குச் சொல்லவேணும்" என்றேன்.

அன்றிரவு விடுதி அறையிலிருந்து தங்கைக்குப் போன் எடுத்தோம். எல்லாம் சொல்லி முடித்தேன். நெடுநேரம் சத்தமில்லை. ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பாள் என்று பயந்தேன். அவள் கேட்டது வேறு.

"அக்கா, அம்மாவுக்குத் தண்ணி குடுத்தியளோ?"

"குடுத்தனான். குடையைக் கவிட்டு மழைத்தண்ணி பிடிச்சுக் குடுத்தனான். ரெண்டு மிடறு குடிச்சவ."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். இருபத்தெட்டு வருடங்களுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அம்மாவுக்காக ஒன்றாக அழுதோம்.

நான் ஊர் திரும்பிய பின், பெறாமகள் எழுதி முடித்ததைப் போனில் தமிழில் சொல்லிக் காட்டினாள். அம்மம்மாவின் சேலை நீலம் என்று எழுதியிருந்தாள். "பச்சை" என்று திருத்தினேன். எங்கள் பெயர் ஒன்றும் வேண்டாம் என்றேன். சரியென்றாள். அதே ஜூனில், வி. வி. கணேஷானந்தன் 1980களின் யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதிய ஆங்கில நாவலுக்குப் பிரிட்டனின் பெண்கள் புனைகதைப் பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் பிறந்த அவரும் அங்கே அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்து வகுப்பில் படித்தவர். தங்கை இப்போது "கதை எழுதப் படிச்சு என்ன கிடைக்கும்" என்று கேட்பதில்லை. கடனைப் பற்றி மட்டும் கேட்கிறாள்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைக்கு இலக்கியத்தில் விருப்பம் இருந்தால் அதை வீண் படிப்பு என்று தட்டிவிடாதீர்கள். வெளிநாடு போகத் தேவையில்லை. உயர்தரத்தில் ஆங்கிலத்தை ஒரு பாடமாக எடுத்துப் பேராதனை போன்ற எங்கள் பல்கலைக்கழகங்களில் படிக்கலாம். தொழில் செய்துகொண்டு படிக்கத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது.

எங்கள் கிராமத்து மாதர் சங்கத்தில் இப்போது மாதத்தில் ஒரு நாள் பின்னேரம் கூடுகிறோம். ஒருவர் சொல்வார். உயர்தரம் படித்த பிள்ளை ஒருத்தி கொப்பியில் எழுதுவாள். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டுவாள். சொன்னவர் "இதை விடு" என்றால் அந்த வரியை வெட்டிவிடுவோம். கொப்பியும் சொன்னவரின் கையிலேயே போய்விடும். இதுவரை ஏழு பேர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேருக்குக் கையெழுத்து மட்டும்தான் வைக்கத் தெரியும்.